குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது

சேணப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் எத்தனை பேர் குதிரையைத் தொட்டிருக்கிறீர்கள்? ஒருவரும் கை தூக்காவிட்டாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். இந்த வேலைக்கு வந்து, சாம்பிள் அறைக்குப் பொறுப்பாளராகவும் ஆகி, குதிரைச் சேணங்களைக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலும் நான் ஒரு குதிரையைத் தொட்டதில்லை. ஷூ தைக்கிறவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தன் காலிலேயே மாட்டிக்கொண்டு நாலடி நடந்தால் எங்கே கடிக்கிறது என்று தெரிந்துவிடும். சேணத்தை யார் முதுகில் போட்டுப் பார்ப்பது?

எங்களிடம் ஒரு கட்டைக் குதிரை இருந்தது. ஜெர்மனியில் நம் சேணத்தை வாங்குகிறவர்களே அனுப்பி வைத்தது. தலையும் கிடையாது, வாலும் கிடையாது. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரைக்குமான ஓர் உடம்பு, நான்கு இரும்புக் கம்பிகளின் மேல் நிற்கும். அதன் முதுகில் அச்சாகப் பொருந்தினால் சேணம் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லாச் சேணமும் அச்சாகத்தான் பொருந்தியது.

ஒரு புதன்கிழமை இம்ரான் சார் கைபேசியை நீட்டிக்கொண்டே சாம்பிள் அறைக்குள் வந்தார். முதலாளியின் மகன். படிப்பை முடித்துவிட்டு வந்து உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, அவசரக்காரர். அந்தச் சேணப் பிரிவை அப்பாவிடம் மன்றாடித் தொடங்கியவரே அவர்தான். அது மூடிப்போனால் எல்லாரையும்விட அவருக்குத்தான் தலைகுனிவு.

ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு வீடியோ அது. ஒரு வெள்ளைக் குதிரை சேணம் இல்லாமல் நடந்தது. காற்றில் துணி அசைகிற மாதிரி நடை. அடுத்து அதே குதிரை, நம் சேணத்தோடு. முன்னங்கால்களை யாரோ கயிற்றால் கட்டிவிட்டதுபோல் குட்டிக் குட்டி அடிகளாக வைத்தது. காதுகள் பின்னுக்கு மடங்கிக் கிடந்தன.

"பஞ்சுதான் மேடம் பிரச்சினை. கட்டி கட்டியா நின்னு முதுக அழுத்துது. சனிக்கிழமை அங்கேர்ந்து ஆள் வர்றாங்க. சரியில்லன்னா இந்த லைனையே மூடிட வேண்டியதுதான். திங்கட்கிழமைலேர்ந்து பஞ்சு வேலைய வெளிய குடுத்துடலாம். கலா டேபிள்ல இருக்கறவங்க கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

சேணத்தின் அடியில், குதிரையின் முதுகில் படுகிற மாதிரி, இரண்டு நீளமான மெத்தைகள் இருக்கும். அவற்றுக்குள் கம்பளிப் பஞ்சை அடைப்பது கலாவும் அவளோடு இருந்த பெண்களும். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள். நான் ஒவ்வொரு மெத்தையையும் உள்ளங்கையால் அழுத்திப் பார்க்காமல் அனுப்பியதில்லை. ஒரு கட்டிகூட என் கையில் தட்டுப்பட்டதில்லை.

"பஞ்சு இல்ல சார்," என்றேன்.

"அப்ப என்ன?"

"தெரியல சார்."

"தெரியலன்னு நான் ஜெர்மனிக்குப் பதில் எழுத முடியுமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நெருக்கடி வரும்போது 'தெரியல' என்ற சொல்லுக்கு மரியாதை இருக்காது. தப்பான பதிலாக இருந்தாலும் ஒரு பதில் வேண்டும் என்று எல்லாருக்கும் கை பரபரக்கும். நான் கலாவிடம் எதையும் சொல்லவில்லை. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கச் சொல்லிக் கேட்டேன். அந்த வீடியோவை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. குதிரை முன்னங்காலை முன்னால் நீட்டும்போது, சேணத்தின் முன் விளிம்புக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று பின்பக்கமாக வந்தது. போர்வைக்குள் முழங்காலை நகர்த்தினால் மேலே தெரியுமே, அந்த மாதிரி. கால் முன்னே போகிறது, உள்ளே இருக்கிற ஏதோ பின்னே வருகிறது. பஸ் அரசு கால்நடை மருத்துவமனையைத் தாண்டும் இடம். என் நிறுத்தம் இன்னும் வரவில்லை. இறங்கிவிட்டேன்.

உள்ளே இருந்த டாக்டர் என்னைவிட இருபது வயதாவது இளையவர். சமீபத்தில்தான் மாற்றலாகி வந்திருந்தார். ஓர் ஆட்டின் வாயைத் திறந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், குதிரைக்குத் தோள் எலும்பு எங்க முடியுது?"

அவர் நிமிர்ந்தார். "குதிரை வெச்சிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். குதிரைக்குச் சேடில் தைக்கிறோம்."

"ஆம்பூர்லயா? நான் இங்க வந்து ஆடும் மாடும் கோழியும்தான் பாத்துக்கிட்டிருக்கேன். குதிரையப் பத்தி ஒருத்தர்கூட கேட்டதில்ல." ஆட்டுக்காரரை அனுப்பிவிட்டு என் போனை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மலர்ந்தது. நல்ல கணக்கு ஒன்று கையில் கிடைத்த மாணவியின் முகம். "இத வாயால சொன்னா புரியாதுங்க. உயிரோட ஒரு குதிரை வேணும். இங்க யார்கிட்ட இருக்கு?"

எனக்குத் தெரிந்த ஒரே குதிரை, என் அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சாரட் வண்டி இழுத்து வந்த பிஜிலி. கருஞ்சிவப்பு நிறப் பெண் குதிரை. அதை வளர்த்தவர் சாதிக் பாய். போன் செய்தேன். மறுநாள் காலையில் பாலாற்று மணலுக்கு ஓட்டி வருவதாகச் சொன்னார்.

அந்தக் காலை என் பணி வாழ்க்கையிலேயே பெரிய காலை. இன்றைக்குச் சொல்லும்போதும் எனக்குப் படபடக்கிறது.

டாக்டர் என்னிடம் சாக்பீஸ் கேட்டார். நாங்கள் தோலில் குறி போடுகிற சாக்பீஸ் என் கைப்பையிலேயே இருந்தது. அவர் பிஜிலியின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடியே உடம்பில் எலும்புகளை வரைய ஆரம்பித்தார். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்கிற இடத்தைத் தட்டினார்.

"இது முழங்கால் இல்ல. இது அவளோட மணிக்கட்டு. நம்ம மணிக்கட்டுதான். அதுக்குக் கீழ பாருங்க, சதையே கிடையாது. எலும்பும் தசைநாணும் தோலும்தான். அதனாலதான் கால் லேசா இருக்கு, ஓட முடியுது. குளம்பு இருக்குதே, அது நடுவிரல் நகம்."

"ஒரு விரல்லயா நிக்கிறா?"

"காலுக்கு ஒரு விரல். அந்த விரலோட நுனியில நிக்கிறா."

நான் பிஜிலியைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய உடம்பு, நான்கு விரல் நுனியில். சாதிக் பாய் பக்கத்தில் நின்று சிரித்தார். "இன்னா டாக்டரம்மா, என் பொண்ண கரும்பலகையா ஆக்கிட்டீங்க."

பின்னங்காலில் முட்டி மாதிரிப் பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குச் சில்லும் உண்டு. குதிரை நின்றுகொண்டே தூங்கும்போது அந்தச் சில்லை ஒரு கொக்கியில் மாட்டுவதுபோல் மாட்டிக்கொள்ளுமாம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. நம் ஊரில் தோலைப் பற்றித் தெரியாதவர் யார்? கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது வயிற்றுத் தோல், இது கழுத்துத் தோல் என்று சொல்லிவிடுவோம். ஆனால் நம் கைக்கு வரும்போது அது மேசையில் விரித்த தட்டையான பொருள். அதற்குள்ளே எலும்பு இருந்ததும், மூட்டு மடங்கியதும், சதை இழுத்ததும் நமக்கு வந்து சேர்வதில்லை. தோலை மட்டுமே அறிந்தவர்கள், நடக்கிற ஒரு விலங்குக்கு உடுப்பு தைத்துக்கொண்டிருந்தோம்.

"இப்ப உங்க கழுத்துக்குக் கீழ தொடுங்க," என்றார் டாக்டர். "ரெண்டு பக்கமும் குறுக்கால ஒரு எலும்பு இருக்குதா? காறை எலும்பு. அதுதான் நம்ம கைய உடம்போட சேத்து வெச்சிருக்கு. குதிரைக்கு அது கிடையாது."

"அப்ப முன்னங்கால் உடம்போட எங்க சேருது?"

"எலும்பால சேரவே இல்ல. சதையாலதான். குழந்தைக்குத் தூளி கட்டறோம் இல்ல? ரெண்டு தோள் எலும்புக்கும் நடுவுல சதையிலயும் நாரிலயும் ஒரு தூளி. நெஞ்சுக்கூடு மொத்தமும் அந்தத் தூளியில தொங்குது. அதனால தோள் எலும்பு விலா மேல வழுக்கிக்கிட்டுப் போவும், வரும்."

பிஜிலி நேராக நின்றபோது தோள் எலும்பின் பின் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார். என் உள்ளங்கையை எடுத்து அந்தக் கோட்டுக்குப் பின்னால் வைத்தார். பிறகு அதன் முன்னங்காலைத் தூக்கி மெதுவாக முன்னே நீட்டினார். எலும்பின் மேல்பகுதி கோட்டைத் தாண்டி வந்து என் கையை நெட்டித் தள்ளியது. எவ்வளவு பலம். நான் கையை எடுக்கவில்லை. கையை எடுக்காவிட்டால் அது எங்கே போகும்? அந்த வெள்ளைக் குதிரையும் இதைத்தான் செய்தது. போக இடம் இல்லாததால் அடியைச் சுருக்கிக்கொண்டது.

நம் சேணத்தின் உள்ளே இருக்கும் மரச்சட்டத்தின் முன் முனைகள் இரண்டும் சரியாக அந்த இடத்தில்தான் உட்கார்ந்தன. கட்டைக் குதிரை நடக்காது. அதன் தோள் எங்கேயும் போகாது.

கம்பெனிக்குப் போன வேகத்தில் இம்ரான் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார். நம்பவில்லை. "ஜெர்மன்காரங்க குடுத்த அளவு மேடம். அவங்களுக்குத் தெரியாததா?"

வார்த்தையால் ஆகாது என்று புரிந்தது. "சார், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு கையையும் மேசை மேல ஊனிக் கொஞ்சம் குனிங்க." அவர் விநோதமாகப் பார்த்துவிட்டுக் குனிந்தார். காறை எலும்பு இருக்கிற மனிதருக்கே தோள் பலகை கொஞ்சம் நகரும். அது போதும் எனக்கு. மரச்சட்டம் ஒன்றை எடுத்து அதன் முனையை அவர் தோள் பலகையின் விளிம்பில் அழுத்திப் பிடித்தேன். "இப்ப அந்தப் பேனாவ எடுங்க." கையை நீட்டினார். பாதியில் நின்றார். "வலிக்குது," என்றார். நான் அழுத்தத்தை விடவில்லை. "எடுங்க சார்." கையை முழுதும் நீட்டாமல், விரல்களால் பேனாவை உருட்டி உருட்டித் தன் பக்கம் கொண்டுவந்தார். "குதிரையும் இதத்தான் பண்ணுதா?" என்று மெல்லக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் வேலை பறந்தது. மரச்சட்டத்தின் முனைகளைத் தோளின் சாய்வுக்கு ஏற்பச் சாய்த்தோம். சேணம் மூன்று விரல் பின்னால் உட்காரும்படி, வயிற்றுப் பட்டையைக் கோக்கும் வார்களை முன்னுக்கு மாற்றித் தைத்தோம். சனிக்கிழமை காலையிலேயே பிஜிலியை வரவழைத்து, வருகிறவர் பார்க்கும் முன்பே நாங்களே ஒருமுறை பார்த்துவிடுவது என்று ஏற்பாடு. டாக்டரும் வந்துவிட்டார்.

பிஜிலி லோடு இறக்குகிற முற்றத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்தது. மத்தியானம் வர வேண்டியவர், சென்னையில் தங்காமல் நேராக வந்துவிட்டார்.

இம்ரான் சார் பிஜிலிக்கும் வாசலுக்கும் நடுவில் வந்து நின்றார். "குதிரைய பின்னால கொண்டு போங்க. நாம இன்னும் டெஸ்ட்டே பண்ணல. அவங்க முன்னாடி தப்பாச்சுன்னா முடிஞ்சுது."

நான் யோசிக்க எடுத்துக்கொண்ட நேரம் கார்க் கதவு திறக்கிற நேரம்தான். மறைத்துவிட்டு, கட்டைக் குதிரையின் மேல் காட்டலாம். அழகாகப் பொருந்தும். அவர் போன பிறகு இன்னொரு வீடியோ வரும். "இருக்கட்டும் சார்," என்றேன். "தப்பானாலும் குதிரை மேலயே ஆவட்டும். எங்க தப்புன்னாவது தெரியும்."

இறங்கிய அம்மாள் உயரமானவர், நரைத்த தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். எங்களுக்குக் கைகொடுக்கும் முன்பே பிஜிலியிடம் போய்விட்டார். மூக்கருகே கையை நீட்டி முகரக் கொடுத்தார். பிறகுதான் எங்களைப் பார்த்து, இங்கே குதிரை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டார். இம்ரான் சார் ஏதோ சொல்லிச் சமாளித்தார்.

புதுச் சேணத்தைப் பூட்டினோம். சாதிக் பாய் கயிற்றைப் பிடித்து நடத்தினார். முதல் இரண்டு அடி பிஜிலி தயங்கியது. மூன்றாவது அடியில் முன்னங்கால் நீண்டது. பாலாற்று மணலில் வெறும் முதுகோடு எப்படி நடந்ததோ அப்படி. தையல் பிரிவின் ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். யாரோ கைதட்டினார்கள். இம்ரான் சார் என் பக்கம் திரும்பிக் கட்டை விரலை உயர்த்தினார். எனக்கோ மண்ணில் கால் பாவவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததே இந்த இடத்தைத்தான். ஒரு பிரச்சினை தீர்ந்ததும் வருகிற சந்தோஷம் கண்ணை மறைக்கும். எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. பிஜிலியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்தார். பிஜிலி முதுகைக் கீழே குழித்துக்கொண்டது. வால் சாட்டை மாதிரி விசிறியது. அவர் காலால் மெல்லத் தட்டியும் அசையவில்லை. அவர் இறங்கிவிட்டார். முகத்தில் கோபம் இல்லை. ஆனால் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இம்ரான் சார் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. டாக்டர் என் கையைப் பிடித்து இழுத்தார். "கடைசி விலாவத் தேடுங்க."

பிஜிலியின் வயிற்றோரமாக விரல்களை ஓட்டினேன். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். அதற்குப் பிறகு மெத்தென்று இருந்தது. அந்தக் கடைசி மேட்டைப் பிடித்துக்கொண்டே மேலே முதுகு வரைக்கும் போனேன். என் விரல் சேணத்தின் மெத்தைக்கு அடியில் போய் முட்டியது. சேணத்தை மூன்று விரல் பின்னால் தள்ளினோம் அல்லவா, அதன் வால்பகுதி கடைசி விலாவைத் தாண்டி உட்கார்ந்திருந்தது.

"பதினெட்டு ஜோடி விலா எலும்பு," என்றார் டாக்டர். "அதுவரைக்கும் முதுகுக்குக் கீழ கூடு இருக்கு, பாரம் தாங்கும். இதுக்குப் பின்னால வெறும் இடுப்பு. அடியில முட்டுக் கொடுக்க எதுவும் இல்ல. அங்க ஆள் உக்காந்தா அவ எப்படிப் பொறுப்பா?"

அந்த அம்மாளிடம் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவரும் விரலை ஓட்டிப் பார்த்தார். தலையசைத்தார். மெத்தையைக் குட்டையாக்கலாம்; ஆனால் இடம் குறைந்தால் பாரம் ஓரிடத்தில் குவியுமே என்றார். சரியான பயம்தான். நான் ஜன்னலைப் பார்த்து, "கலா, கீழ வா," என்றேன்.

கலா ஏப்ரனில் பஞ்சு ஒட்டியபடியே வந்தாள். மெத்தையை அழுத்திப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீளத்துல போறத அகலத்துல குடுத்துடலாம் அக்கா. பின்னால கூரா போற எடத்த வெட்டிட்டு, பக்கத்துல பெருசாக்கி, பஞ்ச கம்மியா, தட்டையா அடைக்கலாம்."

"முதுகுத்தண்டு மேல படக்கூடாது," என்றார் டாக்டர். "நடுவுல இடைவெளி அப்படியே இருக்கணும். ரெண்டு பக்கமும் நீளமா ஒரு சதை ஓடுது பாருங்க, பாரம் அதும் மேலதான் பரவணும்."

"எங்க காட்டுங்க," என்றாள் கலா. டாக்டர் அவள் கையைப் பிடித்து அந்தச் சதையின் மேல் வைத்தார். கலா அதன் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள். பிறகு அந்தக் கோட்டைத் தாளில் படி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மேசையைச் சுற்றி எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருத்தி தையலைப் பிரித்தாள், ஒருத்தி தோலை வெட்டினாள், ஒருத்தி பஞ்சைக் கோதினாள். அந்த அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. முற்றத்தில் சாதிக் பாய் பிஜிலிக்குக் கொள்ளு வைத்துவிட்டு, "இன்னும் எவ்ளோ நேரம்மா, சாயங்காலம் இவளுக்கு ஒரு கல்யாணம் இருக்குது," என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுபடி பூட்டினோம். நான் கடைசி விலாவைத் தொட்டுப் பார்த்தேன். மெத்தை அதற்கு முன்னாலேயே முடிந்தது. அந்த அம்மாள் ஏறினார். பிஜிலி ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. தலையைத் தாழ்த்தி நீளமாக மூச்சு விட்டது. பிறகு யாரும் தட்டாமலேயே நடந்தது. முற்றத்தை ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் மெல்லோட்டம். லாரி வந்து திரும்புகிற இடத்தில் அது வளைந்து திரும்பியபோது, உள்பக்கத் தோள் சேணத்துக்கு முன்னால் வழுக்கிப் போய் வருவதை நான் கண்ணால் பார்த்தேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் அதன் தோளையும் காலையுமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் இறங்கி, சேணத்தைத் தானே கழற்றி, வியர்வை எங்கே எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, விட்டுப்போகாமல்; பாரம் சமமாகப் பரவியிருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகுதான் இம்ரான் சாருக்குக் கைகொடுத்தார். கட்டைக் குதிரைக்கு அளவு கொடுத்த தன் ஆட்களிடமும் பேச வேண்டியிருக்கிறது என்றார். முதலில் சிறிய ஆர்டர்தான் தந்தார். தைத்து வைத்திருந்த பழைய சேணங்களை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. அந்த வேலையே எங்களுக்குப் பல வாரம் இழுத்தது. ஆனால் லைன் மூடப்படவில்லை. இன்றைக்கு நீங்கள் நிற்கிற லைன் அதுதான்.

மாலையில் இம்ரான் சார் கலாவின் மேசைக்கு வந்தார். கொஞ்ச நேரம் பஞ்சைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். "திங்கட்கிழமை யாரும் லீவு போடாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர்களுக்கு ஏன் என்று தெரியாது. நான் சொல்லவில்லை.

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன், முதலில் போய்த் தொட்டுப் பாருங்கள். அளவு தாளில் வரும். கட்டையிலும் பொருந்தும். ஆனால் போடப்போகிற உடம்பு நிற்கிற உடம்பு இல்லை, நடக்கிற உடம்பு. எதைத் தைத்தாலும், இது அசையும்போது எங்கே போகும் என்று கேளுங்கள். ஒன்று சரியானதும், அதைச் சரிசெய்ததால் வேறு எங்கே போய் முட்டியது என்று இன்னொரு முறை கேளுங்கள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, தெரிந்தவர்களைத் தேடிப் பஸ்ஸை விட்டு இறங்குங்கள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நான் ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கலாவும் அவள் மேசைப் பெண்களும் சர்ச் வாசலில் நிற்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை வரைக்கும் மெத்தைக்கு மேலே யார் உட்காருவார்கள் என்றும் அவர்கள் பார்த்ததில்லை, கீழே யார் சுமப்பார்கள் என்றும் பார்த்ததில்லை. நேற்று ஜன்னலிலிருந்து பார்த்தது போதவில்லையாம். எல்லாருமாகப் பாலாற்றுக்குப் போனோம். சாதிக் பாய் பிஜிலியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். முந்தின இரவு ஊர்வலத்தின் ஜிகினா இன்னும் பிடரியில் ஒட்டியிருந்தது. அவர் கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்த, பெண்கள் ஒவ்வொருவராக அதன் தோளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில், பிஜிலியின் அடிக்கு அடி வைத்து.

கலா கடைசியாகப் போனாள். கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். வெகுதூரம் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் கையை எடுக்கவில்லை.

"அக்கா," என்றாள், "உள்ள இன்னொருத்தி நடக்கற மாதிரி இருக்குது."